‘அங்கிள்’ என்றால் யார்? – சமூகப்பணிப் படிப்பு பற்றி ஒரு கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலைப் படிப்பின் முதலாண்டில் மனித நடத்தையையும் சமூகச் சூழலையும் சேர்த்துப் படிக்கும் பாடம் ஒன்று உண்டு. கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும், உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றுதான். உளவியலாளர் பியாஜே சொன்ன அறிவு வளர்ச்சியின் நான்கு நிலைகள், எரிக்சன் சொன்ன வாழ்க்கையின் எட்டுப் பருவங்கள், பிராய்டின் மனக் கூறுகள் என்று அலகு அலகாக நடத்தி முடிக்கிறார்கள். மாணவர்களும் படித்துத் தேர்வு எழுதித் தேறிவிடுகிறார்கள். அதே மாணவர் களப்பயிற்சிக்காக மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிப் பக்கமோ செல்லூர்ப் பக்கமோ ஒரு வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தால், எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திகைக்கிறார். இது மாணவரின் குறை அல்ல. பாடம் நடத்தும் வரிசையில் உள்ள குறை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஒரே ஒரு சொல்லில் இருந்து தொடங்குகிறேன். வீட்டை விட்டு ஓடிவந்த பையனிடம் “இத்தனை நாள் எங்கே இருந்தாய்?” என்று கேட்டால், “மாமா வீட்ல” என்பான். ஆங்கிலத்தில் எழுதப்படும் அறிக்கையில் அது ‘அங்கிள்’ ஆகிவிடும். சித்தப்பாவும் ‘அங்கிள்’தான், பெரியப்பாவும் ‘அங்கிள்’தான். நம் ஊரில் மாமா என்பவர் தாய்மாமனாக இருக்கலாம், அத்தையின் கணவராக இருக்கலாம், அக்காவைக் கட்டியவராக இருக்கலாம், தெருவில் மரியாதைக்காக அப்படி அழைக்கப்படுபவராகவும் இருக்கலாம். இவர்களில் காதுகுத்துக்கு மடி கொடுத்தவர் யார், சடங்குக்குச் சீர் கொண்டுவரக் கடமைப்பட்டவர் யார், குடும்பத்தில் சண்டை என்றால் எழுந்து கேட்கும் உரிமை உள்ளவர் யார் என்பதெல்லாம் அந்த ஓர் ஆங்கிலச் சொல்லில் கரைந்து போகிறது.

இதனால் வரும் சேதம் சிறிதல்ல. பதினைந்து வயதுப் பெண் பிள்ளையை ‘அங்கிள்’ வீட்டில் ஒப்படைக்கலாம் என்று ஓர் அறிக்கை பரிந்துரைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ‘அங்கிள்’ திருமணமாகாத தாய்மாமன் என்றால், அல்லது அந்த வீட்டில் இருபத்து நான்கு வயது முறைப்பையன் இருக்கிறான் என்றால், நாம் அந்தப் பெண்ணைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பவில்லை, குழந்தைத் திருமணத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். மாறாக, அதே தாய்மாமன் ஐம்பது வயதுக்காரர், அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள், அக்கா குடும்பத்துக்கு இருபது வருடமாகத் தோள் கொடுத்தவர் என்றால், அவர் வீட்டைவிட நல்ல இடம் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காது. இரண்டு வீட்டுக்கும் படிவத்தில் ஒரே சொல்.

இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையைப் பற்றிய சமூக விசாரணையை 15 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். அதற்கு 2016-ம் ஆண்டு மாதிரி விதிகளில் படிவம் 22 இருக்கிறது. சட்டத்துக்கு முரண்பட்ட, அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் குழந்தைக்குப் படிவம் 6. இந்தப் படிவங்களை நாளை நிரப்பப் போகிறவர்கள் இன்று வகுப்பில் இருக்கும் மாணவர்கள்தான். குழந்தைகள் நலக் குழுவும் இளைஞர் நீதிக் குழுமமும் ஒரு பிள்ளையின் அடுத்த சில வருடங்களைத் தீர்மானிக்க இந்தத் தாள்களைத்தான் கையில் வைத்துக்கொள்கின்றன. ஆகவே அறிக்கையில் உறவுப் பெயர்களைத் தமிழிலேயே எழுத வேண்டும். ஆங்கில அறிக்கையாக இருந்தாலும் தாய்மாமன், சித்தப்பா, அப்பத்தா, அம்மாச்சி என்ற சொற்களை அப்படியே வைத்து, பக்கத்தில் ‘தாயின் தம்பி’, ‘தந்தையின் தாய்’ என்று விளக்கிவிட்டால் போதும். அப்பத்தாவையும் அம்மாச்சியையும் தனித்தனியாகச் சொல்லும் மொழியை வைத்துக்கொண்டு இருவரையும் ‘கிராண்ட் மதர்’ என்று எழுதுவது தகவலைக் கையிலிருந்து கொட்டுவதுதான்.

அடுத்தது ஜீனோகிராம் எனப்படும் குடும்ப மர வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்குக் கோடு, பிரிந்து வாழ்வதற்கு ஒரு வெட்டு, மணமுறிவுக்கு இரண்டு வெட்டு என்பது வரை வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். சொந்தத்துக்குள் நடக்கும் திருமணத்துக்கு இரட்டைக் கோடு என்ற குறியீட்டை அரை நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். மேலை நாட்டுப் பாடநூலில் அது அபூர்வம். இங்கே அக்கா மகளைக் கட்டியவர்களும், அத்தை மகன், மாமன் மகளைக் கட்டியவர்களும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மாணவர்கள் அதிகம் தவறுவதும் இங்கேதான்.

அக்கா மகளை மணந்தவரின் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிள்ளைக்கு அம்மாவைப் பெற்றவளே அப்பாவின் அக்காவும் ஆகிறாள். அதாவது ஒரே பெண்மணி அந்தப் பிள்ளைக்கு அம்மாச்சியும் ஆவாள், அத்தையும் ஆவாள். பிள்ளை அவளை ஒருநாள் இப்படியும் ஒருநாள் அப்படியும் சொல்லும். மாணவர் இரண்டு பேர் என்று நினைத்து இரண்டு வட்டம் போட்டுவிடுவார். வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது அறிக்கையில் ஏழு பேர் வருவது இப்படித்தான். ஒருவரை ஒரு முறைதான் வரைய வேண்டும், தலைமுறைகளைத் தாண்டிப் போகும் கோட்டை வளைத்துக் கொண்டுபோக வேண்டும். பென்சிலில், ஏ-3 அளவுத் தாளில், பிள்ளையை நடுவில் வைத்து, மூன்று தலைமுறை வரை. இறந்த குழந்தைகள், கலைந்த கருக்கள் எல்லாம் இடம்பெற வேண்டும். அவற்றை முதல் சந்திப்பில் கேட்கக் கூடாது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர் சமூகத்தாரிடையே தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1957-ல் வெளியிட்ட பெரிய நூலில் நம் பகுதியின் மண உறவுகளை விரிவாக எழுதியிருக்கிறார். வெளிநாட்டு ஆய்வாளர்கள் தேடிவந்து படித்த மண்ணில் இருந்துகொண்டு, உறவுமுறையை வகுப்பில் பத்து நிமிடத்தில் முடிப்பது நியாயமில்லை.

வயதும் தேதியும் இன்னொரு சிக்கல். “எந்த வருஷம் ஸ்கூலை விட்டான்?” என்று கேட்டால் ஏதாவது ஓர் எண் வரும், நம்ப முடியாது. “அழகர் ஆத்துல எறங்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டால் சரியான பதில் வரும். மதுரைக்காரர்களுக்கு அழகர் ஆற்றில் இறங்காமல் போன 2020-ம், 2021-ம் மறக்காது. அந்த இரண்டு வருடங்களையும் ஒவ்வொரு பிள்ளையின் காலக்கோட்டிலும் குறித்துப் பார்க்க வேண்டும். தமிழகத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2025-26 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த இடைவெளி மூன்றாம் வகுப்பு முழுவதையும் நான்காம் வகுப்பில் பாதியையும் விழுங்கியிருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிப்பதிலிருந்து சரளமாகப் படிப்பதற்கு மாறும் வயது அது. ‘கற்றல் குறைபாடு’ என்று எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத அறிக்கை அரைகுறை அறிக்கைதான்.

ஈகோமேப் எனப்படும் சூழல் வரைபடத்துக்கு வருகிறேன். அமெரிக்கச் சமூகப்பணிப் பேராசிரியர் ஆன் ஹார்ட்மன் 1970-களில் உருவாக்கிய கருவி அது. நடுவட்டத்தில் குடும்பம், சுற்றிலும் அந்தக் குடும்பம் தொடர்பு வைத்திருக்கும் இடங்கள். உறுதியான தொடர்புக்குத் தடித்த கோடு, பலவீனமானதற்குப் புள்ளிக்கோடு, உரசல் உள்ளதற்குக் குறுக்கு வெட்டுகள், உதவி எந்தப் பக்கம் பாய்கிறது என்பதற்கு அம்பு. கருவி நல்ல கருவிதான். நம் மாணவர்களின் வரைபடங்களில் பள்ளி, மருத்துவமனை, நண்பர்கள், பொழுதுபோக்கு என்று பாடநூல் வட்டங்கள் மட்டும் இருக்கும். குழுக்கடன் இருக்காது, திருவிழா வரி இருக்காது, சாதிச் சங்கம் இருக்காது. செய்முறை, அதாவது விசேஷ வீட்டுக்குப் பணமோ பொருளோ செய்வதும் பிறகு அது திரும்பி வருவதுமான வழக்கம், அறவே இருக்காது.

செய்முறை தெரியாமல் மதுரை மாவட்டத்துக் குடும்பத்தின் வரவுசெலவைப் புரிந்துகொள்ள முடியாது. பீரோவிலோ டிரங்குப் பெட்டியிலோ நீளவாக்கில் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கும். யார் வீட்டுக் காதுகுத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள், பணமா, அண்டாவா, கிடாயா என்று வரிவரியாக எழுதியிருக்கும். திருப்பிச் செய்யும்போது வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். ஆவணியில் ஒரே முகூர்த்த நாளில் நான்கு பத்திரிகைகள் வந்துவிட்டால் நகை அடகுக்குப் போகும். வெளியில் இருந்து பார்க்கும் மாணவர் ‘வீண் செலவு, திட்டமிடல் இல்லை’ என்று எழுதிவிடுவார். அந்தச் செய்முறையை நிறுத்திவிட்டால், பெரியாஸ்பத்திரியில் ஒருவர் படுக்கும்போது ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் கொண்டுவந்து கொடுக்க ஆள் இருக்காது என்பது அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். வட்டியில்லாத கடனும் காப்பீடும் மானமும் அந்த நோட்டில் ஒன்றாகக் கிடக்கின்றன. வரைபடத்தில் அதற்கு இரண்டு பக்கமும் அம்பு போட வேண்டும், பக்கத்திலேயே உரசல் குறியும் போட வேண்டும். கோடுகளை மாணவர் தன் யூகத்தில் போடக் கூடாது. பென்சிலை வீட்டுக்காரர்களிடம் கொடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட எந்தக் கோடு தடிமன் என்பதைத் தவறாமல் காட்டுவார்கள்.

வருமானத்தை ‘மாதம் எவ்வளவு’ என்று கேட்பதும் பயனற்றது. தினக்கூலிக்காரருக்கும் பூக்கட்டுகிறவருக்கும் மாதம் என்ற கணக்கு கிடையாது. ‘நேற்று எவ்வளவு வந்தது, நேற்று என்ன வாங்கினீர்கள்’ என்று கேட்க வேண்டும். பிறகு, வாரத் தவணை கட்டும் கிழமை எது, எத்தனை குழு என்று கேட்க வேண்டும். தவணைக் கிழமைக் காலையில் அந்த வீட்டுக்கு நேர்காணலுக்குப் போகவே கூடாது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். களப்பணி பெரும்பாலும் வாரத்தில் இரண்டு நாள், காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை என்று வைக்கிறார்கள். அந்த நேரத்தில் தெருவில் கிழவிகளும் கைக்குழந்தைகளும்தான் இருப்பார்கள். மல்லிகை விளையும் கிராமம் ஒன்றில் ஒரு பிள்ளையின் நாளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் விடியற்காலை நான்கரைக்கு அங்கே நிற்க வேண்டும். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, இடுப்புத் துணியை மடியாக்கி, மொட்டு மொட்டாகக் கிள்ளுவார்கள். மலர்ந்துவிட்டால் விலை இல்லை. வெயில் ஏறுவதற்குள் பூ மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். சித்திரை, வைகாசியில் செடி கொள்ளாமல் பூக்கும், விலை சரியும். மார்கழியில் பூ அருகி விலை ஏறும். அம்மாவுக்குத் துணையாக ஏழு மணி வரை பூ எடுத்த பெண் பிள்ளை, குளித்தும் குளிக்காமலும் பள்ளிக்கு ஓடி, மூன்றாவது பீரியடில் கண் சொருகினால், பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்று ஏறுகிறது. அம்மாவைப் பற்றி, ‘பெற்றோர் கூட்டத்துக்கு வரவில்லை, அக்கறை இல்லை’ என்று ஏறுகிறது. கூட்டம் வைத்ததே காலை ஒன்பதரைக்கு, அவர் சந்தையில் எடைக்கு நிற்கும் நேரத்தில்.

ஆகவே களப்பணி நேரங்களில் ஒரு பகுதியை விடியற்காலைக்கும் மாலை ஐந்துக்குப் பிறகும் மாற்ற வேண்டும். அதற்கு ஏற்பாடு தேவை. மாணவிகள் இருவர் இருவராகப் போக வேண்டும், கடைசி டவுன் பஸ் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும், மேற்பார்வையாளரின் போன் அந்நேரத்தில் எடுக்கப்பட வேண்டும். இவற்றைச் செய்யாமல் மாணவர்களை மட்டும் குறை சொல்வது தவறு.

இந்த அளவுக்குப் பார்த்த பிறகு கோட்பாடுகளைக் கொண்டுவந்தால் அவை உயிரோடு நிற்கும். உளவியலாளர் கர்ட் லெவின் 1936-லேயே, நடத்தை என்பது ஆளும் அவருடைய சூழலும் சேர்ந்து விளைவிப்பது என்று சூத்திரமாக எழுதிவிட்டார். இன்னோர் உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979-ல் அந்தச் சூழலை ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டங்களாகப் பிரித்தார். பிள்ளை நேரடியாகப் புழங்கும் வீடும் வகுப்பும் உள்வட்டம். வீட்டுக்கும் வகுப்புக்கும் உள்ள தொடர்பு அடுத்தது. பிள்ளை கால் வைக்காத இடத்தில் எடுக்கப்பட்டு, பிள்ளையைத் தொடும் முடிவுகள் மூன்றாவது. இந்த மூன்றாவது வட்டத்தை எந்த மாணவரும் தடுமாறித்தான் விளக்குவார். நம் ஊரிலேயே அதற்குத் தெளிவான உதாரணம் இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அது ஐந்தாம் வகுப்பு வரைக்குமான திட்டம். ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குப் பள்ளி மாறுகிறது, தூரம் கூடுகிறது, காலைச் சாப்பாடும் அதே ஜூன் மாதத்தில் நின்றுபோகிறது. அந்தப் பிள்ளையின் சோர்வையும் எரிச்சலையும் ‘வளரிளம் பருவச் சிக்கல்’ என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் எழுதியிருக்கிறோம்.

எரிக்சனையும் அப்படித்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை ‘நான் யார்’ என்று தேடும் பருவம் என்கிறார். சடங்கு சுற்றிய மறுவாரமே பள்ளியை நிறுத்திய பெண்ணுக்கும், பதினான்கில் பரோட்டாக் கடைக்குப் போன பையனுக்கும் அந்தத் தேடலுக்கு யார் அவகாசம் கொடுத்தார்கள்? கோட்பாட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எங்கே பொருந்துகிறது, எங்கே பிடிபடவில்லை என்று மாணவர் தன் கையால் எழுத வேண்டும். தாய் சேய்ப் பிணைப்பு பற்றிய பௌல்பியின் கருத்தும் அப்படியே. அப்பத்தாவின் முந்தானையில் வளர்ந்த பிள்ளை அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போனபோது அழாததையும், அப்பத்தா இறந்தபோது இரண்டு மாதம் பேசாமல் இருந்ததையும் வைத்துத்தான் பௌல்பியைப் படிக்க வேண்டும்.

சூழல் என்பதில் வரலாறும் அடங்கும். நோட்டும் பேனாவுமாக வரும் அந்நியரைக் கண்டு ஓர் ஊர் வாய் திறக்காவிட்டால் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதுவதற்கு முன், அந்த ஊரின் பெயரை ஏற்கெனவே யார், எதற்காக நோட்டில் எழுதினார்கள் என்று கேட்க வேண்டும். சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகளாக முத்திரை குத்திய பிரிட்டிஷ் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஆண்களைப் பதிவு செய்து கைரேகை வாங்கிய பகுதி இது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் ஒழிந்தது. அதேபோல மேலூர்ப் பக்கம் போகும் மாணவர், 1997-ல் மேலவளவு ஊராட்சியின் தலித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் கொல்லப்பட்டதைப் படிக்காமல் பேருந்து ஏறக் கூடாது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்குப் பத்தாண்டு காலம் முறையாகத் தேர்தல் நடத்த முடியாமல், 2006-ல்தான் நடந்தது. படிவத்தில் சாதி என்ற கட்டத்தை ஒரு சொல்லால் நிரப்புவது சாதியைப் புரிந்துகொள்வது ஆகாது. தண்ணீர் எந்தக் குழாயில், முடிவெட்டுவது எந்த ஊரில், பிணம் போகும் பாதை எது என்று பார்த்துக்கொண்டே நடந்தால், யாரையும் புண்படுத்தும் ஒரு கேள்வியும் கேட்காமலேயே தெரிந்துவிடும்.

பதிவு எழுதுவதில் ஓர் எளிய கட்டுப்பாடு போதும். பக்கத்தை மூன்றாக மடித்து, கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, மனதில் பட்டது என்று பிரிக்க வேண்டும். அன்று இரவே, தமிழில், பேசிய சொல் பேசியபடி. ‘அலட்சியம்’, ‘பொறுப்பற்ற’, ‘முரட்டுத்தனமான’ போன்ற சொற்கள் முதல் இரண்டு பகுதிகளில் வந்தால் மேற்பார்வையாளர் அடித்துவிட வேண்டும். பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதுவும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போகக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 74-ம் பிரிவு அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வரைந்த மரத்தையும் வட்டங்களையும் கடைசியில் அந்தக் குடும்பத்திடமே காட்டிப் படித்துச் சொல்ல வேண்டும். பாதிப் பிழைகள் அங்கேயே திருந்திவிடும்.

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவினருக்கும் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் என் வேண்டுகோள்: பருவத்தின் முதல் நான்கு வாரங்களைக் கோட்பாடு இல்லாமல் ஒரு தெருவுக்கும் ஒரு குடும்பத்துக்கும் கொடுங்கள். தேர்வில் ‘எரிக்சனின் எட்டுப் பருவங்களை விவரி’ என்பதற்குப் பதிலாக ஒருமுறை இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“ஒருவர் தன் அக்கா மகளை மணந்திருக்கிறார். மூன்று பிள்ளைகள். கணவரை இழந்த அக்காவும் இவர்களோடு இருக்கிறார். மூத்த பெண்ணுக்குப் பதினாறு வயது. அவளுடைய தாய்மாமன் திருப்பூரிலிருந்து ஆவணியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆறாம் வகுப்பில் சேர்ந்த நடுப் பையன் இரண்டு மாதமாகப் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டில் இரண்டு குழுக்கடன் இருக்கிறது. குடும்ப மரத்தை வரையவும். யாருக்கு யார் இரண்டு முறையில் உறவு என்று குறிக்கவும். அடுத்து நீங்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை, யாரிடம், எந்த நேரத்தில், வேறு யார் அருகில் இல்லாதபோது கேட்பீர்கள் என்ற விவரத்துடன் எழுதவும்.”

இப்படிக்கு,
சமூகப்பணிக் களப்பயிற்சி மேற்பார்வையாளர் ஒருவர்,
மதுரை.